அத்தியட்சரின் வம்சமும் உபதேசியாரின் நோட்டும்

எங்கள் ஊருக்குக் கோரிமேடு என்று பேர். கோரி என்றால் சமாதி. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், எல்லையை ஒட்டி இருக்கிற மேடு. 1964இல் ஜிப்மர் இங்கே திறக்கப்பட்ட பிறகு கோரிமேடு என்றால் ஆஸ்பத்திரி என்றாகிவிட்டது. சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன், ‘யாரோட சமாதி ஆயா?’ ‘பேரு தெரிஞ்சா இன்னாரு சமாதின்னு சொல்லுவான். பேரு தெரியலன்னாதான் வெறும் சமாதி’ என்றாள். வரலாற்றெழுதியல் பற்றி நான் பின்னாளில் படித்த எதுவும் இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடவில்லை.

தாத்தா எல்லைக்கு அந்தப் பக்கம், தென்னார்க்காட்டில் ஒரு சேரிக் கோயிலுக்கு உபதேசியாராக இருந்தவர். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மீதி நாளெல்லாம் ஜெபம் சொல்வதும் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவதும் சாவுக்குப் போவதும் தாத்தாதான். அவரிடம் நீளவாக்கில் ஒரு நோட்டு இருந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, பிடியரிசிக் கணக்கு எல்லாம் அதிலே. முதல் பக்கத்தில் அவருடைய அப்பாவின் பேர் இருந்தது, ஞானஸ்நானப் பேர். அதற்கு மேலே எதுவும் இல்லை. ‘அதுக்கு முன்னாடி?’ என்று கேட்டால், ‘அதுக்கு முன்னாடி நாம இல்ல’ என்பார். ஞானஸ்நானத்தில்தான் நாம் பிறந்தோம் என்ற விசுவாச அறிக்கையாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம். நம்மை யாரும் எழுதிவைக்கவில்லை என்ற குற்றச்சாட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம்.

யாருக்கு வம்சம் உண்டு? யாருடைய அப்பனும் பாட்டனும் ஆவணமாகிறார்கள், யாருடையவர்கள் வெறும் சமாதியாகிறார்கள்? இந்தக் கேள்வியை முன்னோர்களைத் தேடுவதையே மதக்கடமையாக்கிக்கொண்ட ஒரு சபையிலிருந்து தொடங்குவது உதவியாக இருக்கும். அமெரிக்காவின் யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மோன் சபையில் பிஷப் என்பவர் சம்பளம் வாங்காத சாதாரண விசுவாசி. கிராமத்தில் என்றால் பெரும்பாலும் விவசாயி. சில வருஷம் ஊர்ச்சபையைப் பார்த்துக்கொண்டு பிறகு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுவார். செத்துப்போன மூதாதையருக்காக உயிரோடிருக்கிறவர்கள் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்கு மூதாதையரின் பேர் வேண்டும். ஆகவே 1894இல் வம்சாவளிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1938லிருந்து உலகம் முழுவதும் உள்ள கோயில் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். மலையைக் குடைந்து அறை கட்டி அதில் அவற்றைப் பாதுகாக்கிறார்கள். அங்கே ஒரு கிராமத்து பிஷப்பின் குடும்ப வரலாற்றை நாலைந்து தலைமுறைக்குச் சொல்லிவிட முடிகிறதென்றால் பின்னால் இவ்வளவு பெரிய எந்திரம் இயங்குகிறது.

ஆனால் இதே சபை, 1852லிருந்து 1978 வரை, ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த கறுப்பு ஆண்களுக்குக் குருத்துவத்தை மறுத்திருந்தது. வம்சாவளியைத் தேடித்தருகிற அறிவே வம்சாவளியைச் சொல்லித் தள்ளிவைக்கிற அதிகாரமாகவும் இருந்தது. குடும்ப வரலாறு ஒருபோதும் வெறும் குடும்பத்தின் வரலாறு அல்ல. யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்கிற கோடு அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டை நம் பக்கத்தில் பார்க்கவேண்டுமென்றால், குடும்ப வரலாறு எழுதப்பட்ட ஒரு கிராமத்துப் பிஷப் நமக்கு வேண்டும். ஒருவர் இருக்கிறார், வேதநாயகம் சாமுவேல் அசரியா.

பிஷப்புக்குத் தமிழில் எத்தனை பேர்! எங்கள் கத்தோலிக்கப் பக்கத்தில் ஆயா காலத்தில் மேற்றிராணியார், இப்போது ஆயர். திருநெல்வேலி சீர்திருத்தச் சபைகளில் அன்று அத்தியட்சர், பிறகு பேராயர். ஆயர் என்றால் மேய்ப்பவர். அத்தியட்சர் என்றால் மேலிருந்து பார்ப்பவர், கண்காணிப்பவர். மேய்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே பதவிக்குள் இருக்கிற இரண்டு வேலைகள் என்பதை நம்முடைய சொற்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தவர். பேர்தான் வெள்ளாளன்விளை, ஊர் நாடார் கிறிஸ்தவர்களுடையது. அப்பா தாமஸ் வேதநாயகம் சைவ மரபுள்ள நாடார் குடும்பத்திலிருந்து, மிஷன் பள்ளியில் படித்துக் கிறிஸ்தவராகி, அந்த ஊரிலேயே ஆங்கிலிக்கன் சபையின் குருவாக இருந்தவர். அம்மா எலன். அப்பா 1889இல் இறந்தபோது பையனுக்குப் பதினைந்து வயது. மெய்ஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளி, பாளையங்கோட்டைப் படிப்பு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று போகிறது அவருடைய இளமை. மாணவராக இருக்கும்போதே, கிறிஸ்தவப் பையன்களுக்கிடையே இருந்த சாதி வேறுபாட்டை ஒழிக்க ஒரு சங்கம் ஏற்படுத்துவதில் பங்கெடுத்தார். சாதியை ஒழிக்கச் சங்கம் தேவைப்பட்டது கிறிஸ்தவ விடுதியில். இதைக் கவனியுங்கள்.

இந்தக் குடும்பக் கதையை அதன் காலத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானதிலிருந்து தேரிக்காட்டில் நாடார்களின் மதமாற்றம் ஓர் இயக்கமாக நடந்தது. பக்கத்துத் திருவிதாங்கூரில் மேலாடை அணிகிற உரிமைக்காக நாடார்ப் பெண்கள் 1820களிலிருந்து அடிபட்டு, 1859இல் அரசர் பிரகடனம் வரும்வரை போராடினார்கள். 1849இல் கால்டுவெல் ‘திருநெல்வேலிச் சாணார்’ என்ற நூலை வெளியிட்டார். எந்த மக்களுக்கு ஊழியம் செய்ய வந்தாரோ அந்த மக்களைத் தாழ்ந்தவர்களாக, பேய்வழிபாட்டுக்காரர்களாக ஐரோப்பிய வாசகருக்குக் காட்டிய நூல் அது. அசரியா பையனாக இருந்தபோது திருநெல்வேலியில் கால்டுவெல் அத்தியட்சராகவே இருந்தார். மேலிருந்து பார்ப்பவர் எழுதிய வம்ச வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. பின்னாளில் நாடார்கள் அந்த நூலை எதிர்த்துக் கிளர்ந்தார்கள்.

அவர்களில் முக்கியமானவர் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம். மிஷனோடு மோதி வெளியேறி, 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபை ஒன்றைத் தொடங்கினார். வெள்ளைக்காரப் பாதிரியின் மத்தியஸ்தம் இல்லாமல், பழைய ஏற்பாட்டு யூத முறைகளை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்து நடந்த சபை. ‘கிறிஸ்து வேண்டும், நீ வேண்டாம்’ என்று மிஷனரியின் முகத்துக்கு நேரே சொன்ன குரல் அது. ஒரே மண்ணில், ஒரே சாதியில், அதே அவமானத்துக்கு இரண்டு பதில்கள் வந்தன. சட்டாம்பிள்ளை வெளியே போனார். அசரியா உள்ளே இருந்து மேலே போனார். நம்முடைய எதிர்ப்பு மரபைப் பேசுகிறவர்கள் முதலாமவரை எடுத்துக்கொண்டு இரண்டாமவரை மிஷனரியின் ஆள் என்று தள்ளிவிடுவது வழக்கம். அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது என்பது என் கட்சி.

1895லிருந்து 1909 வரை ஒய்.எம்.சி.ஏ.வின் ஊழியராக இருந்தார் அசரியா. 1898இல் அன்பு மாரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத் திருநெல்வேலியில் மேற்படிப்பு வரைக்கும் போன மிகச் சில பெண்களில் ஒருவர் அவர். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போன அசரியா, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நம்மவர்கள் ஏன் செய்யக்கூடாது? 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. பணம் நம்முடையது, ஆள் நம்முடையது, நிர்வாகம் நம்முடையது என்பது அதன் விதி. அந்தச் சங்கம் ஊழியத்துக்கு எடுத்துக்கொண்ட இடம் நிஜாம் ராஜ்யத்தில், தெலுங்கு நாட்டில் இருந்த தோர்ணக்கல். 1909இல் குருப்பட்டம் பெற்று, பட்டணத்து உத்தியோகத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார்.

மறுவருஷம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடம்பையும் கொடுத்தீர்கள், அன்பும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். கூட்டம் பொருமியது. தர்மம் செய்கிறவனால் சமமாக உட்கார முடியாது என்பதைத் தர்மம் செய்கிறவன் வீட்டிலேயே போய்ச் சொன்னால் பொருமத்தானே செய்யும். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதற்காகப் பாடுபட்டவர் சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட், தென்னிந்தியக் கிராம தேவதைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஓர் இந்தியனுக்குக் கீழே வேலை செய்வதா என்று மிஷனரிகளுக்கிடையே முணுமுணுப்பு இருந்தது. ஆகவே முதலில் சின்னதாக ஒரு மறைமாவட்டம்தான் கொடுத்தார்கள். பிறகுதான் அது கிருஷ்ணா, கோதாவரிப் பக்கமெல்லாம் விரிந்தது.

சபையின் பிரதான கிறிஸ்தவர்கள் மாலாக்களும் மாதிகாக்களும். அதாவது நம்மூர்ச் சேரி. மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போவது, கிராமத்து உபாத்தியாயர்களைப் பயிற்றுவிப்பது, உள்ளூர் ஆட்களையே குருக்களாக்குவது, இதுதான் அவருடைய முப்பத்திரண்டு வருஷ வேலை. ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தானும் சொல்ல வேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தினார். தீண்டத்தகாதவன் என்று சொல்லப்பட்டவன், இதுவரை அடுத்தவன் பேச்சைக் கேட்க மட்டும் விதிக்கப்பட்டவன், பேசாமலிருந்தால் பாவம் என்று ஆக்கப்படுகிறான். பேசும் உரிமையையே பேசும் கடமையாக மாற்றிய சடங்கு இது. தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை ஆனது. அதில் இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலையின் உருவங்களைச் சேர்த்துக் கட்டினார். அன்பு மாரியம்மாள் கிராமத்துப் பெண்களுக்கிடையில் தாய்மார் சங்கங்களை நடத்தினார். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்துவைக்கிற பெண்களின் கையில்தான் தென்னிந்தியக் கிராமச் சபைகளின் பொருளாதாரமே நின்றது. எங்கள் ஆயாவின் பிடியரிசிக் கலயம் தாத்தாவின் நோட்டில் கணக்காக இருக்கிறது. ஆனால் ஆயாவின் பேர் அந்தக் கணக்கில் இல்லை.

இங்கேதான் காந்தி வருகிறார். 1936இல் அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மாட் அவரைச் சந்தித்தபோது, ஹரிஜனங்களுக்குப் பிரசங்கம் செய்வது பற்றிப் பேச்சு வந்தது. பசுவுக்குச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். ஹரிஜனங்களில் சிலருக்கு அந்த அளவுகூடப் புரியாது என்பது அவருடைய வாதம். மாலாவும் மாதிகாவும் தானாக யோசித்து ஒரு முடிவெடுக்க முடியாது என்று நினைப்பதில் காந்தியும் கால்டுவெல்லும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அசரியா அப்படி நினைக்கவில்லை. கிராமத்து ஜனங்கள் தெரிந்துதான் வருகிறார்கள், வந்தபிறகு மாறுகிறார்கள் என்று கடைசிவரை வாதாடினார்.

அதே 1936இல், ஒடுக்கப்பட்ட வகுப்பினரை நோக்கி அவர் ஒரு திறந்த கடிதம் எழுதினார். முந்தின வருஷம் அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார். உங்களுக்குள்ளேயே இத்தனை சபைப் பிரிவு இருக்கிறதே, நாங்கள் எதில் சேர்வது என்று அம்பேத்கர் கேட்டதாக அசரியாவின் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. சபைகளின் ஐக்கியத்துக்காக அவர் பாடுபட்டார். 1945 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. ஆனால் அம்பேத்கரின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. பிரிவுகளை ஒன்றாக்கிவிடுவீர்கள், சரி. சாதிகளை?

அசரியாவின் பதில், ஞானஸ்நானம் பெற்றபின் சாதி இல்லை என்பது. இதை அவர் மனப்பூர்வமாக நம்பினார். அரசியலிலும் அதே நிலைதான். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தேர்தல் தொகுதி என்று 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பு கொடுத்தது. அசரியா அதை எதிர்த்தார். சபை என்பது எல்லாச் சாதியிலிருந்தும் வந்தவர்களின் கூட்டம், அதை இன்னொரு சாதியாக்கிவிடாதீர்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இறையியலாகக் கேட்டால் கம்பீரமான வாதம். ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 1910இல் நாடார் மகாஜன சங்கம் ஏற்பட்டு, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கு வேண்டிய பேரைப் பதிய வைத்து, வியாபாரத்திலும் படிப்பிலும் மேலே வந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தின் மகனால், சாதியை விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியும். அந்த விடுதலைக்குப் பின்னால் பள்ளிக்கூடமும் கடையும் நிலமும் இருந்தன. தோர்ணக்கல்லின் மாதிகாவுக்கு என்ன இருந்தது?

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் அட்டவணைச் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத மதத்தவர் எவரும் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. அதை நடைமுறைப்படுத்தாமல், 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அசரியா வாக்குறுதியாகச் சொன்னதை அரசு அப்படியே எடுத்துத் தண்டனையாக மாற்றிவிட்டது. அவர் ஞானஸ்நானம் கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குத் தாசில்தார் அலுவலகத்தில் ‘நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை’ என்று கேட்கிறார்கள். அதே பிள்ளைகள் ஊருக்குள் போனால் சாதி இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில்கூட இருக்கிறது.

எங்கள் புதுச்சேரியில் இது பழைய கதை. 1745இல் இங்கே சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் போய் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், அதற்கு உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கேட்டவர்கள் எங்கள் ஆட்கள். எழுதியவர் பிள்ளை. பிறகு 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தன்னுடைய சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கிறவர்கள் ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றானது. ரெனோன்சான் என்பார்கள், துறந்தவர்கள். செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873இல் தடுக்கப்பட்டு வழக்காடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, லா போர்த் என்று வைத்துக்கொண்டார். வாசல் என்று அர்த்தம். சேரியிலிருந்து பலர் அந்த வாசலில் நுழைந்தார்கள்.

எங்கள் வகையறாவில் ஒரு கிளை அப்படி நுழைந்தது. அவர்கள் சொல்தா வீடு ஆனார்கள், குடும்பப் பேர் வந்தது, நாலு தலைமுறைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. அரைமைல் தள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்களுக்குத் தாத்தாவின் நோட்டு மட்டும்தான். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். சலுகைக்காக ஏமாற்றுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரே மனிதனை இரண்டாகக் கிழித்துவிட்டு, ஏன் உனக்கு இரண்டு பேர் என்று கேட்கிற நியாயம் இது. ஒருமுறை சான்றிதழுக்காக அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இது சர்ச்சு நோட்டு, செல்லாது. ஆனா நீங்க கிறிஸ்டியன்ங்கறதுக்கு ப்ரூஃப் ஆச்சு’ என்றார். எங்களுக்கு இருந்த ஒரே வம்சாவளி எங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் செல்லுபடியானது.

அசரியாவைப் பற்றி கரோல் கிரஹாம் 1946இல் எழுதினார். சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் 2000இல் பெரிய ஆய்வு நூலே எழுதினார். இரண்டும் வேண்டிய நூல்கள். அவருடைய வரலாறு எழுதப்பட முடிந்ததற்குக் காரணம், அந்த வம்சக் கதை ஓர் அத்தியட்சரில் போய் முடிகிறது. முடிவு உயரமாக இருந்தால்தான் பின்னோக்கி வேர் தேடுகிறோம். ஆனால் அவரை அத்தியட்சராக்கியது கல்கத்தா அபிஷேகம் மட்டுமல்ல. தலைமேல் கைவைத்துப் பேசுவேன் என்று சொன்ன ஆயிரக்கணக்கான மாலாக்களும் மாதிகாக்களும் சேர்ந்துதான் அவரை அத்தியட்சராக்கினார்கள். மந்தை இல்லாமல் ஏது ஆயர்? அவர்களுடைய பேர்கள் கிராமத்துக் கோயில்களின் பதிவேடுகளில், கரையான் அரிக்க, இருக்கின்றன. வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களிலிருந்து மிஷனரிக் கடிதங்களைப் பிரதியெடுத்து வருகிற நம் ஆய்வாளர்கள், பக்கத்து ஊர் உபதேசியார் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்றும் ஏறிப் பார்க்க வேண்டும். பங்குக் கோயில் பதிவேடுகளைச் சேரிவாரியாகப் படியெடுக்கிற வேலையை நம்மில் நாலு பேர் சேர்ந்தால் ஆரம்பிக்கலாம். அதற்கு மலையைக் குடைய வேண்டியதில்லை.

நான் எங்கள் வீட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். தாத்தாவின் நோட்டைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். சாவுக் கணக்கில் பல இடங்களில் ‘ஒரு பெண்பிள்ளை’, ‘வண்டிக்காரன் தாய்’ என்று மட்டும் இருக்கிறது. ஊரில் இருக்கிற கிழவிகளிடம் கேட்டு, தெரிந்த பேர்களை ஓரத்தில் பென்சிலால் எழுதிவருகிறேன். பிடியரிசிப் பக்கத்தில் ஆயாவின் பேரை எழுதியாகிவிட்டது. பேர் தெரிந்தால் வெறும் சமாதி இல்லை என்று சொன்னவள் அவள்தானே.